என் அனுமதி இல்லாமல் பெய்த மழை

தம்பி, அந்தச் சத்தத்தைச் சித்தக் கொறைச்சுக்கறீங்களா? திண்டுக்கல்லுல பஸ் ஏறுனதுல இருந்து டமால் டுமீல்னு என்ற காதுக்குள்ளயே சுட்டுட்டு வர்றீங்க. கேமுங்களா அது? எதுக்கால வர்றவனையெல்லாம் சுட்டா அடுத்த ரவுண்டு. அவன் உங்களைச் சுட்டாச் செத்துப்போவீங்க. மறுக்கா ஒரு அமுக்கு அமுக்குனா உசுரு வந்துரும். நல்லாயிருக்குது போங்க. நோகாம நோம்பி கும்பிடறதுன்னு எங்கூர்ல சொல்லுவாங்க, அது இதுதான்.

சிரிக்காதீங்க. நான் ஒரு நாட்டையே நடத்துனவன்.

நெசமாத்தானுங்க. வெண்கோட்டு நாடு. அதுக்குப் பெரிய அமைச்சர் அறிவாழியார். அது நான்தான். என்ற பேரு சென்னியப்பன், சூலூர்ப் பக்கத்துல பால் சங்கத்துல செயலாளரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். ஆனா அந்த நாட்டுல நான் அறிவாழியார். இணையத்துல ஒரு குழுமமுங்க. அப்பெல்லாம் ஃபோன்ல இந்த வசதி ஏது? கம்ப்யூட்டர்லதான். ஆளுக்கொரு வேசம். அவிங்கவிங்க வேசத்துக்கு அவிங்கவிங்கதான் எழுதோணும். ‘அமைச்சர் கையை உயர்த்தினார்’னு நான் ஒரு பதிவு போட்டா, அதுக்கு இளவரசி என்ன பண்ணுனான்னு இளவரசியா இருக்கறவங்க எழுதோணும். அப்பறம் பூதம் எழுதோணும். கூத்து மாதிரின்னு வெச்சுக்கங்க, ஆனா வசனம் முன்னாலயே எழுதி வெச்சிருக்காது. அடுத்து என்ன வரும்னு ஆருக்கும் தெரியாது.

கதை என்னன்னா, நாட்டுல மழை இல்ல. மழைமுரசுன்னு ஒரு முரசு. அதைத் தட்டுனாத்தான் மழை வரும். அதைத் திருடிட்டுப் போயி கருநீராறுன்னு ஒரு ஆத்துக்கு அக்கரையில வெச்சுட்டாங்க. இளவரசி, பூதம், அமைச்சர் எல்லாரும் அதை மீட்டுட்டு வரப் போறோம். அவ்வளவுதான். சின்னப் புள்ளைக் கதைதான். ஆனா பொழுதோட பாலெடுத்து, கேனை வண்டியில ஏத்தி அனுப்பிப்போட்டு, சங்கத்துக் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா எனக்கு வேற ஒரு நெனப்பும் வராதுங்க. ஊட்டுக்குப் போயும் ஆருமில்ல. ஊட்டுக்காரி அந்தச் சமயம் பல்லடத்துல அவ அண்ணன் ஊட்டுக்குப் போயிருந்தா. அது வேற கதை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

நாட்டைத் தொடங்குனது நானில்லீங்க. கோயில்பட்டிப் புள்ள ஒண்ணு, செண்பகான்னு. படிச்சு முடிச்சுட்டு ஊட்டுல சும்மா இருந்துது. அதுதான் இளவரசி. ஆனா தொடங்கறது ஆருக்கும் முடியுமுங்க, நடத்தறதுதான கஷ்டம்? நான் போய்ச் சேர்ந்தப்ப அந்த நாடு இருந்த இருப்பைப் பாக்கோணுமே! ஒரே நாள்ல மூணு தடவை சூரியன் உதிக்கும். ஒருத்தன் போர்ல செத்துப்போவான், அடுத்த பதிவுல பந்தியில உக்காந்து பாயசம் குடிச்சுட்டு இருப்பான். குதிரை ஏறிட்டுப் போனவன் யானையில எறங்குவான். கேட்டா, “சும்மா ஜாலிக்குத்தானே அண்ணே”ம்பாங்க. ஜாலி! முறைன்னு ஒண்ணு இருக்குதுங்க. நான் தினமும் தவறாம வர்றதைப் பாத்துட்டு அந்தப் புள்ளயே, “நிர்வாகத்தை நீங்க பாத்துக்கோங்கண்ணே”ன்னு சாவியைக் குடுத்துது. அதுக்கப்பறம் பாருங்க, நாடு நாடாட்ட ஆச்சு.

விதி போட்டேன். ஒருத்தர் வாயில இன்னொருத்தர் சொல்லை வெக்கக்கூடாது. அவனவன் வாய்க்கு அவனவன்தான் பொறுப்பு. இது முதல் விதி. லீவு வேணும்னா எனக்கு எழுதிக் கேக்கோணும், சும்மா காணாமப் போகக்கூடாது. லீவுல போறவங்க வேசத்தை வடதிசை யாத்திரைக்குப் போனதா அறிவிப்பேன். பரீட்சை, பிரசவம், கண்ணு ஆப்பரேசன்னு ஒரு கட்டத்துல பாதி நாடு யாத்திரையில இருந்துது. இருக்கட்டும். முறைப்படி போயிருக்காங்கல்ல?

இந்தப் பூதம் இருந்தானே, நசீர்னு, மேலப்பாளையத்துல மருந்துக்கடை வெச்சிருந்தவன், அவன் என்ன எழுதுறான்னா, பூதத்துக்குப் பல்லின்னா பயமாம். பனைமர ஒசரம் இருக்கற பூதம், செவுத்துல பல்லியைப் பாத்துட்டு இளவரசி முந்தானைக்குள்ள ஒளியுதாம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. நான் விளக்கம் கேட்டு நோட்டீஸ் போட்டேன். பூதத்துக்குப் பல்லி பயம் இருக்கறதுக்கு ஆதாரம் என்ன? அவன் பதில் எழுதுனான், “ஐயா, எனக்கே பல்லின்னா பயம்யா”ன்னு. அது ஒரு ஆதாரமுங்களா? நீங்களே சொல்லுங்க.

சரி, அதெல்லாம் பொறுத்துக்கிட்டேன். ஒருவழியா ஆத்தங்கரைக்கு வந்து சேர்ந்தோம். அக்கரையில முரசு. இக்கரையில நாங்க. நடுவுல ஒரு ஓடக்காரன் வேணும். புதுசா ஒருத்தன் வந்திருந்தான், ஜெரோம்னு. தூத்துக்குடிக்காரன், குவைத்துல கிரேன் ஓட்டறவன். புது ஆளுக்குப் பெரிய வேசம் குடுக்க முடியுங்களா? ஓடக்காரன் வேசம் குடுத்தேன். படகைக் கொண்டாரோணும், “ஏறுங்கள்”னு சொல்லோணும், அக்கரையில எறக்கி உடோணும். வேலை முடிஞ்சுது. ஒரே ஒரு சொல்லு. அதை ஒழுங்காச் சொல்றதுக்கு என்னங்க?

அவன் என்ன எழுதுனான் தெரியுங்களா? எனக்கு இன்னும் மனப்பாடம். “பெரியோர்களே, மனத்தில் பாரம் இருந்தால் என் படகு முழுகிவிடும். நீங்கள் விட்டுவிட்டு வந்தது எதுவோ, அதை ஆளுக்கொன்று சொல்லிவிட்டு ஏறுங்கள்” என்றான் ஓடக்காரன்.

ஒட்டகத்துக்கு எடம் குடுத்த கதைதானுங்க. ஆனா மத்தவங்க புடிச்சுக்கிட்டாங்க. இளவரசி பக்கம் பக்கமா எழுதுது. அம்மாகிட்டச் சொல்லாமக் கெளம்பி வந்துட்டேன், அம்மா வாசல்ல விளக்கு வெச்சுட்டு நிப்பாங்கன்னு. பூதம் இன்னும் மோசம். சின்ன வயசுல பல்லியைப் பாத்து ஓடுனப்ப தம்பிப் பூதத்தோட கையை உட்டுட்டு ஓடிட்டேன்னு ஒப்பாரி. குழுமமே அழுவுது. எழவு ஊடு கெட்டுது. மழைமுரசைத் தேடி வந்தவங்களா இவங்க? ஒவ்வொருத்தரா அழுதுட்டு அழுதுட்டுப் படகுல ஏறி உக்காந்தாச்சு. நான் பாக்கி.

ஓடக்காரன் எழுதுறான், “அமைச்சரே, நீங்கள்?”

அவ்வளவுதான். ரெண்டே சொல்லு.

எனக்கு வந்த கோவம் சொல்லி மாளாதுங்க. தலை இருக்க வால் ஆடலாமுங்களா? பெரிய அமைச்சரைப் பாத்து ஒரு ஓடக்காரன் கேள்வி கேக்கறதா? உடனே நோட்டீஸ் அடிச்சேன். முறை தவறிப் பேசுனதுக்கு ஓடக்காரன் விளக்கம் தரோணும், பகிரங்கமா மன்னிப்புக் கேக்கோணும், அதுவரைக்கும் படகு நகரக்கூடாது. படகுல ஏறுனவங்களையும் எறங்கச் சொல்லி உத்தரவு போட்டேன்.

என்னங்க கேக்கறீங்க? பதில் சொல்லிட்டு ஏறியிருக்கலாமேங்களா? என்னத்தைச் சொல்றது? நான் எதை விட்டுட்டு வந்தேன் சொல்றதுக்கு? நான் நேர்மையா வாழ்ந்த மனுசனுங்க. கேட்டுப் பாருங்க எங்கூர்ல. ஒரு தடவை என்ற ஊட்டுக்காரி கொண்டாந்த பால்லயே டிகிரி கொறைஞ்சுது. பால்மானியப் போட்டுப் பாத்தா காட்டுது. மாட்டுக்கு ஒடம்பு சரியில்ல, தண்ணி கலக்கலீங்கறா. எனக்கும் தெரியும், அவ கலக்கறவ இல்ல. அதுக்காக? வரிசையில அத்தனை பேரு நிக்கறாங்க. அவிங்க பாலைத் திருப்பி அனுப்புனவன் என்ற ஊட்டுப் பாலை எடுக்க முடியுங்களா? “பால் எடுக்க முடியாது, எடுத்துட்டுப் போ”ன்னு சத்தமாச் சொன்னேன். எல்லாருக்கும் கேக்கற மாதிரி. அவ தூக்குப் போசியை அப்படியே என்ற மேசை மேல வெச்சுட்டு, கட்டுன சீலையோட பல்லடம் பஸ் ஏறிட்டா. ஊரே என்னையப் பாராட்டுச்சு. செயலாளர்னா இப்படி இருக்கோணும்னு.

வந்தாளான்னா? இன்னும் இல்லீங்க. வருவா. அவதான போனா, அவதான வரோணும்? வழி தெரியாதவளா? மணிக்கொரு பஸ் இருக்குது. நான் போயிக் கூப்புட்டா, நான் செஞ்சது தப்புன்னு ஆயிப்போகுமில்லீங்களா? அதை உடுங்க. நாம பேசிட்டு இருந்தது ஓடக்காரனைப் பத்தி.

அந்த ஜெரோம் ஒரு பதிலும் போடலீங்க. இப்ப விதியைப் பாருங்க. அவன் வாயில இன்னொருத்தர் சொல்லை வெக்கக்கூடாது. அவன் “ஏறுங்கள்”னு சொல்லாமப் படகு நகராது. கதை அப்படியே நின்னுபோச்சு. ஆளாளுக்கு ஓசனை சொல்றாங்க. செண்பகா, “ஒரு பாலம் வெச்சுக்கலாமாண்ணே”ங்குது. இத்தனை நாளா இல்லாத பாலம் திடீர்னு எங்கிருந்துங்க வரும்? பொதுப்பணித் துறைக்காரனா கட்டுனான்? நீக்கிட்டேன். நசீரு, “நான் பூதம்தானே, எல்லாரையும் தோள்ல தூக்கிட்டுப் போயிர்றேன்”ங்கறான். பல்லிக்குப் பயந்த பூதத்தை நம்பி இளவரசியை அனுப்ப முடியுங்களா? நீக்கிட்டேன். கடைசீல செண்பகா தனியா எனக்கு எழுதுச்சு. “அண்ணே, ஒரு வரி சொல்லிருங்கண்ணே. எதையாவது சொல்லுங்க, பொய்யாக்கூட இருக்கட்டும், நாங்க கேக்க மாட்டோம்”னு. அழுகாத கொறை. நான் ஒரே பதிலு: மன்னிப்பு வந்தாப் படகு போகும்.

அந்த வாரம் என்ன நடந்துதுங்கறீங்க? எல்லாருக்கும் ஒட்டுக்கா வேலை வந்துருச்சு. செண்பகாவுக்கு மாப்பிள்ளை பாக்கறாங்களாம். நசீருக்குக் கடையில ஆளில்லையாம். குதிரைக்காரனுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேராம். படைத்தளபதிக்கு மூலமாம். எல்லாரும் யாத்திரைக்கு எழுதிக் குடுத்தாங்க. முறைப்படிதான் குடுத்தாங்க, அதுல குத்தம் சொல்ல முடியாது. நானும் ஒவ்வொண்ணா அனுமதிச்சுட்டே வந்தேன். பாத்தா, கரையில நான் ஒருத்தன்தான் நிக்கறேன்.

கோழைங்க. பாதியில உட்டுட்டுப் போறதுக்கு எதுக்குத் தொடங்கோணும்? ஆனா நான் உடலீங்க. வாராவாரம் போயி ஒரு வரி போட்டுட்டு வருவேன். ‘அமைச்சர் கரையில் காத்திருக்கிறார்.’ அவ்வளவுதான். அந்த இணையதளத்தையே இழுத்து மூடுற வரைக்கும் போட்டேன். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, எனக்கு அந்த அக்கரையில என்ன இருந்துதுன்னு தெரிஞ்சுக்கோணும்னு அத்தனை ஆசைங்க. முரசு எங்க இருந்துது, ஆரு தட்டுனா, மழை எப்படி வந்துது. சங்கத்துல உக்காந்திருக்கறப்ப ஓட்டு மேல மழை விழுந்தா, அட, நம்ம நாட்டுல இன்னும் பெய்யலயேன்னு தோணும். சிரிப்பாத்தான் இருக்குது. ஆனா தோணும்.

இப்ப எதுக்கு இதெல்லாம் சொல்றேன்னா, இன்னைக்குக் காத்தால அந்தக் கோயில்பட்டிப் புள்ளயைப் பாத்தேன். நேர்ல. முதல் தடவையா.

மதுரையில ஒரு கல்யாணம். சங்கத்துக்கு மாட்டுத்தீவனம் போட்ட ஏஜெண்டோட பையனுக்கு. பந்தியில பாத்தீங்கன்னா, உக்காந்திருக்கறவன் எந்திரிக்கலீங்க, அதுக்குள்ள அடுத்தவன் பின்னால வந்து சேரைப் புடிச்சுட்டு நிக்கறான். மோர் குடிக்கறவன் முதுகுல மூச்சு உடறான். நான் சத்தம் போட்டேன், “முறைன்னு ஒண்ணு இருக்குதுங்க”ன்னு. அந்தப் பக்கம் நின்னுட்டு இருந்த ஒரு பொம்பளை படக்குன்னு திரும்புச்சு. என்னையவே பாக்குது. “அண்ணே, நீங்க... அறிவாழியாருங்களா?”ன்னுச்சு. என்ற ஒரு வாக்கியத்தை வெச்சே கண்டுபுடிச்சிருச்சு பாருங்க. எழுத்துன்னா அப்படி இருக்கோணும்.

நான் உடனே கேட்டேன், “ஏம்மா, நாட்டை நட்டாத்துல உட்டுட்டுப் போயிட்டயே, இது நல்லாயிருக்குதா?”ன்னு. அந்தப் புள்ள பதில் சொல்றதுக்குள்ள அதோட ஊட்டுக்காரரு, தீப்பெட்டி ஆபீசுல கணக்கு எழுதறவராம், வெள்ளந்தி மனுசன், முகமெல்லாம் பல்லா, “அட, கரையில நிக்கிற அமைச்சரு அண்ணாச்சி நீங்கதானா? நட்டாத்துலயா? எப்பவோ மழை பெஞ்சு ஊரே குளுந்து போச்சே அண்ணாச்சி!”ங்கறாரு.

எந்த மழைன்னேன்.

செண்பகா அவரு கையைப் புடிச்சுக் கிள்ளுது. அவருக்குப் புரிஞ்சாத்தான? “முரசைப் பூதந்தான தட்டுச்சு, அதுக்குள்ள பல்லி இருந்துச்சே, பயத்துலயே தட்டுச்சே! எங்க வீட்டுல அன்னைக்குப் பூராம் இதே பேச்சு, கேசரி கிண்டுனோம்லா”ங்கறாரு.

என்ற அனுமதி இல்லாம எப்படிங்க மழை பெய்யும்?

அப்பறந்தான் அந்தப் புள்ள சொல்லுது. எல்லாரும் ஒரே வாரத்துல யாத்திரை போனாங்கல்ல, போன எடம் வேற ஒரு குழுமமாம். ஜெரோம்தான் அதைத் தொறந்தானாம். அங்க உக்காந்து ஆத்தைத் தாண்டி, முரசைப் புடிச்சு, மழையும் பெய்ய வெச்சு, எல்லாம் ஆச்சாம். எனக்குத் தெரியாம! நான் இங்க வாராவாரம் கரையில நிக்கறேன், அவிங்க அக்கரையில கேசரி கிண்டறாங்க. பல்லி இருந்துதாமுங்க முரசுக்குள்ள. கொஞ்சமாச்சும் பொருத்தம் வேண்டாமுங்களா? தோல் கட்டுன முரசுக்குள்ள பல்லி எப்படிப் போச்சு? ஆத்துல போட்டாலும் அளந்து போடோணும். இவிங்க கையில நாட்டைக் குடுத்தா இப்படித்தான்.

சரி, அறிவாழியாரை என்ன பண்ணுனீங்கன்னு கேட்டேன். கொன்னுட்டீங்களான்னேன். அந்தப் புள்ள தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொல்லுது. “உங்க விதியை நாங்க மீறலண்ணே. உங்க வாய்க்கு நீங்கதானே பொறுப்பு? உங்களுக்குப் பதிலா நாங்க ஒரு சொல்லும் சொல்லல. அமைச்சர் கரையிலதான் நிக்கிறாரு. மாசாமாசம் ஜெரோம் அண்ணன் எழுதுறாரு. ஓடக்காரன் படகை இக்கரைக்குக் கொண்டாந்து நிறுத்துனான், அமைச்சர் ஒண்ணும் சொல்லல, திரும்பிப் போனான்னு. குவைத்துல இருந்து ஊருக்கே வந்து சேர்ந்துட்டாரு, இன்னும் எழுதுறாரு. ஒரு மாசம் விட்டதில்ல. மத்த எல்லாம் முடிஞ்சிருச்சுண்ணே. முற்றும்னு மட்டும் போடல.”

கேட்டீங்களா? வெறும் படகை எவனாச்சும் மாசாமாசம் தள்ளிட்டு வருவானா? ஏறாதவனுக்கு எதுக்குப் படகு? கிரேன் ஓட்டறவனுக்கு வேற என்ன தெரியும்! ‘ஒண்ணும் சொல்லல’யாம். என்னத்தைச் சொல்றது? எதை விட்டுட்டு வந்தீங்கன்னா என்னத்தைச் சொல்றது? நான் எதையும் விட்டுட்டு வரலீங்க. எல்லாந்தான் என்னைய விட்டுட்டுப் போச்சு.

என்னங்க? அதையே எழுதலாமுங்களா? இது ஒரு பதிலாங்க! நீங்க வேற.

இந்தாங்க, கடலை மிட்டாய் சாப்பிடுங்க. அந்தப் புள்ளதான் குடுத்துது. பொட்டலமே பெருசு, நான் ஒருத்தன் எத்தனை திங்கறது? மிட்டாய் நல்லாத்தான் இருக்குது, கதைதான் கேவலம். போறப்ப என்ற ஃபோனை வாங்கி அந்தக் குழுமத்துக்கு வழி போட்டுக் குடுத்துச்சு. நான் தொறந்தே பாக்கலீங்க. எதுக்குப் பாக்கோணும்? அந்த ஜெரோம் இன்னும் மன்னிப்புக் கேக்கலயே?

எந்த ஊருங்க இது? பல்லடமுங்களா? அதுக்குள்ளயா? கண்டக்டர் என்ன சொல்றாரு? டீ குடிக்கறவங்க குடிச்சுட்டு வரலாமா? ஆமாமா, இங்க வண்டி சித்த நேரம் நிக்கும்.

ஏனுங்க என்னையவே பாக்கறீங்க? நம்மூரு இன்னும் அக்கட்டால இருக்குது. நான் இங்க எறங்கறவன் இல்ல. அந்தா தெரியுது பாருங்க, பேக்கரிக்குப் பக்கத்துல ஒரு சந்து, அதுக்குள்ள மூணாவது ஊடு. பச்சைக் கேட்டு. ஒவ்வொரு தடவையும் வண்டி இங்க நிக்கத்தான் செய்யுது. நானும் உக்காந்துதான் இருக்கறேன்.

தம்பி, ஒண்ணு பண்ணுங்க. உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். இந்தாங்க ஃபோனு. அந்தப் புள்ள போட்டுக் குடுத்த எடத்தைத் தொறங்க. நான் படிக்கறதுக்கில்ல, விதிமீறல் ஏதாச்சும் இருக்குதான்னு ஒரு பார்வை பாக்கத்தான். முரசு, மழை, பல்லி எல்லாத்தையும் தள்ளிட்டுப் போங்க, அந்தக் கருமமெல்லாம் எனக்கு வேண்டாம். கடைசிக்குப் போங்க. இந்த மாசம் போட்டிருக்கானான்னு மட்டும் பாருங்க.

வந்துருச்சுங்களா? சத்தமாப் படிக்க வேண்டாம். சும்மாச் சொல்லுங்க.

படகு நிக்குதுங்களா?